ஸ்பானிஷ் நிகழ்காலம்: தமிழிலிருந்து நேராகப் போகும் வழி

ஸ்பானிஷ் படிக்கிற தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறோம். செயலி, யூடியூப், புத்தகம் எல்லாமே அப்படித்தான் கிடைக்கின்றன. இதனால் ஒரு வேண்டாத வேலை நடக்கிறது. ஆங்கிலம் பேசுபவருக்கு எது கஷ்டமோ அதை நமக்கும் பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். நாம் உண்மையிலேயே தடுக்கி விழும் இடங்களைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. நிகழ்காலத்தைப் பொறுத்தவரை தமிழும் ஸ்பானிஷும் பல இடங்களில் ஒரே மாதிரி யோசிக்கின்றன. அந்த இடங்களில் தமிழை நம்பிப் போகலாம். சில இடங்களில் தமிழே காலை வாரும். இரண்டையும் இங்கே பார்த்துவிடுவோம்.

தொடங்கும் முன்: உச்சரிப்பு

இந்தக் கட்டுரையில் ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். இது ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது. 'அது', 'பகல்' என்று சொல்லும்போது நடுவில் வரும் த, க மெலிந்து ஒலிக்கின்றன அல்லவா? ஸ்பானிஷிலும் இரண்டு உயிருக்கு நடுவே இந்த ஒலிகள் அப்படித்தான் மெலியும். அழுத்தமாகச் சொல்ல வேண்டிய இடங்களில் இரட்டித்து எழுதியிருக்கிறேன். 'ஞ' நம்மிடம் அப்படியே இருக்கிறது. 'வ' என்று எழுதியிருக்கும் இடங்களில் மட்டும் உதடுகளைச் சேர்த்து, 'அபாயம்' என்பதில் வரும் 'ப' போலச் சொல்லுங்கள்.

சொல்லின் நடுவே நெடில் வந்தால் அழுத்தம் அங்கே விழுகிறது என்று பொருள். கடைசி உயிர் நெடிலாகத் தெரிந்தாலும் பொதுவாகக் குறுக்கியே சொல்ல வேண்டும். அழுத்தம் எங்கே என்பது பின்னால் மிகவும் தேவைப்படும். சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

படி 1: பகுதி, விகுதி

பள்ளியில் 'பேசுகிறேன்' என்பதைப் பேசு + கிறு + ஏன் என்று பிரித்தது நினைவிருக்கும். பகுதி, இடைநிலை, விகுதி. ஸ்பானிஷ் நிகழ்காலத்தில் 'கிறு' போன்ற இடைநிலையே கிடையாது. பகுதியோடு விகுதியைச் சேர்த்தால் முடிந்தது.

ஸ்பானிஷ் வினைகள் எல்லாம் மூன்றே குடும்பங்கள். அகராதியில் ஆர், ஏர், ஈர் என்று முடியும். அந்த முடிவை வெட்டினால் மிஞ்சுவது பகுதி. 'பேச' என்பதற்கு அப்லார், 'சாப்பிட' என்பதற்கு கொமேர், 'வாழ' அல்லது 'குடியிருக்க' என்பதற்கு விவீர்.

| | அப்லார் | கொமேர் | விவீர் |
|---|---|---|---|
| நான் (யோ) | ஆப்லோ | கோமோ | வீவோ |
| நீ (தூ) | ஆப்லஸ் | கோமெஸ் | வீவெஸ் |
| அவன், அவள், அது. மரியாதை 'நீங்கள்' | ஆப்லா | கோமே | வீவே |
| நாம், நாங்கள் | அப்லாமொஸ் | கொமேமொஸ் | விவீமொஸ் |
| நீங்கள், பலர் (ஸ்பெயினில்) | அப்லாயிஸ் | கொமேயிஸ் | விவீஸ் |
| அவர்கள், பன்மை 'நீங்கள்' | ஆப்லன் | கோமென் | வீவென் |

விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் 'யோ', 'தூ' எதுவும் வேண்டியதில்லை. "எங்கே போகிறாய்?" "கடைக்குப் போகிறேன்." இதில் நீயும் இல்லை, நானும் இல்லை. ஸ்பானிஷும் இதேதான். ஆங்கிலப் பழக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'யோ' என்று தொடங்கினால், "நான் போனேன், நான் சாப்பிட்டேன், நான் தூங்கினேன்" என்று தமிழில் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். "மற்றவர் என்ன செய்கிறாரோ, நான் இதைச் செய்கிறேன்" என்று அழுத்தம் கொடுக்கும்போது மட்டும் 'யோ' வரட்டும்.

சில விஷயங்களில் ஸ்பானிஷ் நம்மைவிட எளிது. பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறது எல்லாவற்றுக்கும் ஒரே 'ஆப்லா'. நாம், நாங்கள் என்ற வேறுபாடு கிடையாது. தாத்தாவைப் பற்றிப் பேசும்போதும், தம்பியைப் பற்றிப் பேசும்போதும் அதே 'ஆப்லா'தான். படர்க்கையில் மரியாதை விகுதி இல்லை.

முன்னிலையில் மரியாதை உண்டு. 'தூ' என்றால் நீ. 'உஸ்தேத்' என்றால் நீங்கள். உஸ்தேத்துக்கு வரும் வினை படர்க்கை ஒருமை: உஸ்தேத் ஆப்லா. பலரைப் பார்த்துப் பேசும்போது லத்தீன் அமெரிக்கா முழுவதும் 'உஸ்தேதெஸ் ஆப்லன்'. ஸ்பெயினில் நண்பர்கள், வீட்டார் என்றால் 'வொஸோத்ரொஸ் அப்லாயிஸ்' என்கிறார்கள். ஸ்பெயினுக்குப் போகும் எண்ணம் இல்லையென்றால் ஐந்தாவது வரிசையை இப்போதைக்கு விட்டுவிடலாம், புரிந்தால் போதும்.

இதை மனப்பாடம் செய்வதில் ஒரு யோசனை. பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி மேலிருந்து கீழ் வரை ஒப்பிக்காதீர்கள். ஏழெட்டு என்னவென்று கேட்டால் ஓரேழிலிருந்து ஆரம்பிக்கிற பிள்ளை போல, 'அவர்கள்' வடிவம் வேண்டும்போதெல்லாம் 'நான்' முதல் ஓட வேண்டியிருக்கும். கேள்வியும் பதிலுமாகப் பழகுங்கள். "ஆப்லஸ்?" "ஆப்லோ." "கோமென்?" "கொமேமொஸ்." பேச்சில் வரப்போவதும் அப்படித்தானே.

படி 2: பகுதி மாறும் வினைகள்

இங்கேதான் பலர் சோர்ந்து போகிறார்கள். 'விரும்ப' என்பது கெரேர். ஆனால் 'எனக்கு வேண்டும்' என்று சொல்ல 'கேரோ' அல்ல, கியேரோ. 'முடிய' என்பது பொதேர். 'என்னால் முடியும்' புவேதோ.

கெரேர்: கியேரோ, கியேரெஸ், கியேரே, கெரேமொஸ், கெரேயிஸ், கியேரென்.
பொதேர்: புவேதோ, புவேதெஸ், புவேதே, பொதேமொஸ், பொதேயிஸ், புவேதென்.

நாம், ஸ்பெயினில் பலரைச் சொல்லும் 'நீங்கள்' (ஐந்தாவது வரிசை) இரண்டிலும் மட்டும் பகுதி மாறவில்லை. புத்தகங்கள் இதைச் சுற்றிக் கோடு போட்டு, பூட்ஸ் வடிவம் என்று நினைவில் வைக்கச் சொல்லும். வடிவம் எதற்கு? காரணமே எளிமையானது. லத்தீனிலிருந்து ஸ்பானிஷ் உருவானபோது, அழுத்தம் விழுந்த குறில் எகரம் 'இயெ' என்றும், குறில் ஒகரம் 'உவெ' என்றும் விரிந்தன. அழுத்தம் விழாத இடத்தில் விரியவில்லை. கியேரோவில் அழுத்தம் பகுதியில். கெரேமொஸில் அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிட்டது. அதனால் பகுதி பழையபடி நிற்கிறது.

இதற்கு நல்ல சான்று அர்ஜென்டினாவில் இருக்கிறது. அங்கே 'தூ' என்பதற்குப் பதில் 'வொஸ்' என்கிறார்கள். அதன் வினையில் அழுத்தம் எப்போதும் கடைசியில்: வொஸ் அப்லாஸ், வொஸ் கொமேஸ். அப்படியென்றால் கெரேர் என்ன ஆக வேண்டும்? அழுத்தம் பகுதியில் இல்லை, எனவே மாறக்கூடாது. மாறுவதும் இல்லை: வொஸ் கெரேஸ், வொஸ் பொதேஸ். அழுத்தத்தைக் காதால் பிடித்துவிட்டால் பட்டியல் பாதி தேவையில்லை.

இதே வழியில் போகும் அன்றாட வினைகள்: பென்ஸார் (நினைக்க) பியேன்ஸோ, தொர்மீர் (தூங்க) துவேர்மோ, ஹுகார் (விளையாட) ஹுவேகோ. ஈர் குடும்பத்தில் சிலவற்றில் எகரம் வெறும் இகரமாகும். பெதீர் (கேட்டு வாங்க): பீதோ, பீதெஸ், பீதே, பெதீமொஸ், பெதீஸ், பீதென். எந்த வினை மாறும், எது மாறாது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. புதிய வினையைப் படிக்கும்போதே 'நான்' வடிவத்தையும் சேர்த்துப் படித்துவிடுவதுதான் வழி.

படி 3: 'நான்' மட்டும் முரண்டு பிடிக்கும் வினைகள்

இவற்றில் தன்மை ஒருமை மட்டும் வேறு, மற்றவை ஒழுங்கு. அஸேர் (செய்ய) ஆகோ, ஆஸெஸ், ஆஸே. பொனேர் (வைக்க) போங்கோ. ஸலீர் (வெளியே போக, கிளம்ப) ஸால்கோ. த்ராஏர் (கொண்டுவர) த்ராய்கோ. வேர் (பார்க்க) வேயோ. தார் (கொடுக்க) தோய். கொனொஸேர் (ஆளை, ஊரை அறிய) கொனோஸ்கோ. ஸபேர் (விஷயம் அறிய) ஸே.

இரண்டு குறும்பும் சேர்ந்தவை மூன்று: தெனேர் (வைத்திருக்க) தேங்கோ, தியேனெஸ், தியேனே, தெனேமொஸ், தியேனென். வெனீர் (வர) வேங்கோ, வியேனெஸ். தெஸீர் (சொல்ல) தீகோ, தீஸெஸ்.

சந்தேகம் வந்தால் ரியல் அகாதெமியா எஸ்பஞோலா என்ற நிறுவனத்தின் இணைய அகராதியைப் பாருங்கள். 1713இல் தொடங்கிய இந்த அமைப்புதான் ஸ்பானிஷ் அகராதியை வெளியிடுகிறது. எந்த வினையைத் தேடினாலும் அதன் எல்லா வடிவங்களையும் இலவசமாகக் காட்டும்.

படி 4: ஸேர், எஸ்தார், ஈர், ஆய்

விதிகளை மறந்துவிட்டு அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியவை இவை. ஸேர், எஸ்தார் இரண்டுக்குமே 'இருக்க' என்றுதான் பொருள்.

ஸேர்: ஸோய், ஏரெஸ், எஸ், ஸோமொஸ், ஸோயிஸ், ஸோன்.
எஸ்தார்: எஸ்தோய், எஸ்தாஸ், எஸ்தா, எஸ்தாமொஸ், எஸ்தாயிஸ், எஸ்தான்.
ஈர் (போக): வோய், வாஸ், வா, வாமொஸ், வாயிஸ், வான்.

ஸேர், எஸ்தார் வேறுபாட்டை 'நிரந்தரம், தற்காலிகம்' என்று சொல்லிக் கொடுப்பார்கள். இது அடிக்கடி ஏமாற்றும். இறந்துபோனவரைச் சொல்லக்கூட எஸ்தார்தான் வரும். அதைவிட நிரந்தரம் என்ன இருக்கிறது? தமிழில் இதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. நீங்கள் சொல்ல வரும் தமிழ் வாக்கியத்தில் வினையே இல்லையென்றால் ஸேர். 'இருக்கிறேன், இருக்கிறது' வந்தால் பெரும்பாலும் எஸ்தார்.

"நான் டாக்டர்": ஸோய் மேதிக்கோ. "நான் மதுரைக்காரன்": ஸோய் தே மதுரை. "வீட்டில் இருக்கிறேன்": எஸ்தோய் என் காஸா. "களைப்பாக இருக்கிறேன்": எஸ்தோய் கன்ஸாதோ (பெண் சொன்னால் கன்ஸாதா). "விழா என் வீட்டில்": வினை இல்லை, எனவே லா ஃபியேஸ்தா எஸ் என் மி காஸா. இடம் என்றாலே எஸ்தார் என்று படித்தவர்கள் தவறும் இடம் இது. தமிழ் சரியாக வழிகாட்டுகிறது.

ஓட்டை இல்லாமல் இல்லை. "பரீட்சை கஷ்டமாக இருக்கிறது" என்போம். ஸ்பானிஷில் அது பரீட்சையின் குணம் என்றால் ஸேர்: எஸ் திஃபீஸில். குணத்தைச் சொல்கிறீர்களா, இப்போதைய நிலையையா என்று ஒரு நொடி கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வினை இல்லாத தமிழ் வாக்கியப் பழக்கத்தில் 'யோ மேதிக்கோ' என்று ஸேரையே விழுங்கிவிடாதீர்கள்.

"இங்கே ஒரு கடை இருக்கிறது" என்று முதல் முறையாக ஒன்றைச் சொல்லும்போது 'ஆய்' வரும்: ஆய் உனா தியேந்தா அக்கீ. ஒருமை, பன்மை எல்லாவற்றுக்கும் 'ஆய்' ஒன்றே.

படி 5: எனக்குப் பிடிக்கும்

ஆங்கிலப் புத்தகங்கள் மூச்சு வாங்கும் பாடம் இது. நமக்கு ஒரே வரி: எனக்குக் காபி பிடிக்கும், மே குஸ்தா எல் கஃபே. 'மே' என்றால் எனக்கு. 'தே' உனக்கு, 'லே' அவருக்கு, 'நோஸ்' எங்களுக்கு, 'லேஸ்' அவர்களுக்கு. காபிதான் எழுவாய், நமக்கு நான்காம் வேற்றுமை. பிடிக்கும் பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும்: மே குஸ்தன் லொஸ் மாங்கொஸ், எனக்கு மாம்பழங்கள் பிடிக்கும். இது மட்டும் நமக்குப் புதிது.

எனக்குத் தலை வலிக்கிறது: மே துவேலே லா கபேஸா. எனக்குத் தோன்றுகிறது: மே பரேஸே. தமிழை வரிக்கு வரி மாற்றினாலே போதும்.

ஆனால் இந்த வெற்றியில் 'எனக்கு' வரும் இடமெல்லாம் 'மே' போடத் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். பசி, தாகம், காய்ச்சல், பயம், வயது, உறவு எல்லாவற்றையும் ஸ்பானிஷ் 'வைத்திருக்கிறது'. எனக்குப் பசிக்கிறது: தேங்கோ ஆம்ப்ரே. எனக்குக் காய்ச்சல்: தேங்கோ ஃபியேப்ரே. எனக்கு முப்பது வயது: தேங்கோ த்ரேயின்தா ஆஞொஸ். எனக்கு இரண்டு அண்ணன்கள்: தேங்கோ தோஸ் எர்மானொஸ். 'நான் போக வேண்டும்' என்ற கட்டாயமும் இதே வினையில்தான்: தேங்கோ கே ஈர்.

'எனக்குத் தெரியும்' இரண்டாகப் பிரிகிறது. நீச்சல் தெரியும், பதில் தெரியும் என்றால் ஸே. அவரைத் தெரியும், சென்னையைத் தெரியும் என்றால் கொனோஸ்கோ.

படி 6: எப்போது நிகழ்காலம்?

வடிவங்கள் கைவந்தபின் வரும் கேள்வி இதுதான். இதில் தமிழர் விழக்கூடிய பெரிய பள்ளம் ஒன்று உண்டு. நாம் பழக்கத்தையும் பொது உண்மையையும் எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். "தினமும் காபி குடிப்பேன்." "சூரியன் கிழக்கே உதிக்கும்." ஸ்பானிஷில் இரண்டும் நிகழ்காலம்: தோதொஸ் லொஸ் தீயஸ் தோமோ கஃபே, எல் ஸோல் ஸாலே போர் எல் ஏஸ்தே. குடிப்பேன், போவேன், வருவார், தெரியும், முடியும், பிடிக்கும் என்று வாயில் வரும்போதெல்லாம் இது வழக்கத்தைச் சொல்கிறதா, இனி நடக்கப்போவதைச் சொல்கிறதா என்று பாருங்கள். வழக்கம் என்றால் நிகழ்காலத்தை எடுங்கள்.

மற்றபடி தமிழும் ஸ்பானிஷும் கைகோத்துப் போகின்றன. "நாளைக்குக் கூப்பிடுகிறேன்": மஞானா தே யாமோ. "பத்து வருஷமாக இங்கே குடியிருக்கிறேன்": வீவோ அக்கீ தெஸ்தே ஆஸே தியேஸ் ஆஞொஸ். ஆங்கிலம் இதற்கு வேறு காலத்தைத் தேடி ஓடும். நாம் ஓட வேண்டாம். "சாப்பிடப் போகிறேன்" என்பதற்கு ஈர் வினையோடு நடுவே ஒரு 'ஆ' மட்டும் சேரும்: வோய் ஆ கொமேர். "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்பது மட்டும் நமக்கு இறந்தகாலம். அவர்களுக்கு நிகழ்காலம்: அக்காபோ தே கொமேர்.

"பேசிக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கு எஸ்தோய் அப்லாந்தோ. இந்த வடிவம் இப்போது நடந்துகொண்டிருப்பதற்கு மட்டும். நாளைய திட்டத்துக்கு இதைப் பயன்படுத்துவது ஆங்கிலத்திலிருந்து ஒட்டிக்கொள்ளும் தவறு. "நாளைக்குக் கிளம்புகிறேன்" என்ற தமிழையே பின்பற்றுங்கள்: மஞானா ஸால்கோ.

வரலாற்றையும் நிகழ்காலத்தில் எழுதுவார்கள். முதல் ஸ்பானிஷ் இலக்கண நூலைப் பற்றி, "1492இல் நெப்ரீஹா தன் இலக்கணத்தை வெளியிடுகிறார்" என்று சொல்வது வெகு சாதாரணம்: நெப்ரீஹா புப்லீக்கா ஸு க்ரமாத்திக்கா.

பணிவாக ஒன்றைக் கேட்கவும் நிகழ்காலம் போதும். மாட்ரிட் காபிக்கடையில் நின்றால் கடைக்காரர் கேட்பது "கே லே போங்கோ?" சொல்லுக்குச் சொல் பார்த்தால் "உங்களுக்கு என்ன வைக்கிறேன்?" பதிலுக்கு நீங்கள், "மே போனே உன் கஃபே கோன் லேச்சே, போர் ஃபவோர்?" எனக்கு ஒரு பால் காபி வைக்கிறீர்களா? நம் ஓட்டலில் "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்பதும் இதே நிகழ்காலம்தான்.

வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். நாம் "இதோ வர்றேன்!" என்போம். ஸ்பானிஷில் 'வேங்கோ' என்று சொல்லிவிடாதீர்கள். பேசுபவர் இப்போது நிற்கும் இடத்தை நோக்கி வந்தால்தான் வெனீர். கேட்பவர் இருக்கும் இடத்துக்கு நாம் நகர்ந்தால் அது போவது: "யா வோய்!" "நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன்" என்பதும் 'மஞானா வோய் ஆ து காஸா'தான். புத்தியில் ஏறினாலும் நாக்கில் ஏற நாளாகும்.

எதிர்மறை ரொம்ப எளிது. வினைக்கு முன்னால் 'நோ': நோ ஆப்லோ, நோ ஸே, நோ மே குஸ்தா. கேள்விக்கு நம் 'ஆ' போல எதுவும் சேர்க்க வேண்டாம், குரலை ஏற்றினால் போதும். எழுதும்போது கேள்விக்குறியைத் தலைகீழாக முன்னாலும் ஒன்று போட வேண்டும்.

செய்து பார்க்க

விடையை மறைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்லுங்கள்.

1. என் அக்கா ஒரு பள்ளியில் வேலை செய்கிறாள்.
2. எனக்கு மீன் பிடிக்காது.
3. அவர் வக்கீல்.
4. உனக்கு நீச்சல் தெரியுமா?
5. பாட்டி காலையில் டீ குடிப்பார்.
6. மூன்று வருஷமாக ஸ்பானிஷ் படிக்கிறேன்.
7. நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறோம்.

விடைகள்:

1. மி எர்மானா த்ரபாஹா என் உனா எஸ்குவேலா.
2. நோ மே குஸ்தா எல் பெஸ்காதோ.
3. எஸ் அபொகாதோ. 'ஒரு' சேர்க்க வேண்டாம். தொழிலைச் சொல்லும்போது ஸ்பானிஷும் நம்மைப் போலத்தான்.
4. ஸாபெஸ் நதார்?
5. மி அபுவேலா தோமா தே போர் லா மஞானா. 'குடிப்பார்' என்பதை எதிர்காலமாக்கியிருந்தால் படி 6ஐ இன்னொரு முறை பாருங்கள்.
6. எஸ்தூதியோ எஸ்பஞோல் தெஸ்தே ஆஸே த்ரேஸ் ஆஞொஸ்.
7. மஞானா வாமொஸ் ஆ ஸு காஸா. நண்பரிடம் என்றால் 'ஸு' அல்ல, 'து'. வெனீமொஸ் என்று சொல்லியிருந்தால் வாசலில் கூப்பிட்ட ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்.